சின்ன ஓய்வுக்கு மிஷன் விருந்தினர் இல்லமா, தனி வீடா?

மிஷன் அமைப்பு நடத்தும் விருந்தினர் இல்லத்தில் தங்குவதா, தனி வீட்டை வாடகைக்கு எடுப்பதா? சிறுபிள்ளைகளோடு இரண்டு மூன்று நாள் ஓய்வெடுக்க நினைக்கும் மிஷனரிப் பெற்றோருக்கு வரும் குழப்பம் இது.

செலவு: விருந்தினர் இல்லத்தில் பெரும்பாலும் மிஷன் ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. தனி வீட்டில் வாடகையோடு சுத்தம் செய்யும் கட்டணமும் முன்பணமும் சேரலாம். மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

சாப்பாடு: இல்லத்தில் அடுப்படிக் கவலை இல்லை, ஆனால் சாப்பாட்டு மணிவரை பிள்ளையின் பசி காத்திருக்காது, கொறிக்க ஏதாவது கையில் வேண்டும். தனி வீட்டில் சமையல் உங்கள் தலையில்தான்.

தூக்கம்: இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இல்லத்தில் ஒரே அறை என்றால், பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கியதும் நீங்களும் விளக்கணைத்து இருட்டில் கிசுகிசுக்க வேண்டியதுதான். தனி வீட்டில் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் பேசலாம், ஜெபிக்கலாம். எங்கே போனாலும் பிள்ளையின் பழைய போர்வையைத் துவைக்காமல் எடுத்துப்போங்கள். பழகிய வாசனைக்குப் புது இடத்து அழுகை அடங்கலாம்.

மன ஓய்வு: இல்லத்தில் சக ஊழியர்கள் இருப்பார்கள், பேச்சு ஊழியத்துக்கே திரும்பும். பிள்ளைகளுக்கோ விளையாட்டுத் துணை கிடைக்கும்.

வீட்டு வேலையில் களைத்தவர்களுக்கு இல்லம், அதுவும் பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கும்படி இரண்டு அறைகளாகக் கேட்டு வாங்குங்கள். ஆட்களைப் பார்த்தே களைத்தவர்களுக்குத் தனி வீடு. முதல் நாள் சாப்பாட்டை மட்டும் சமைத்தே கொண்டுபோங்கள்.