லண்டன் பப்பா, யார்க்‌ஷயர் பப்பா?

இங்கிலாந்தில் ஏல் என்ற அந்த ஊர் மரபு பீரை ருசி பார்க்க இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு வடக்கே இருக்கும் யார்க்‌ஷயருக்கு. லண்டன் மோசமில்லை. சிஸ்விக்கில் காய்ச்சும் ஃபுல்லர்ஸ் லண்டன் பிரைட் ஊர் முழுக்கக் கிடைக்கும், சுரங்க ரயிலில் ஏறி இறங்கியே நாலைந்து பப் பார்த்துவிடலாம். என்ன, விலை கையைக் கடிக்கும்.

வித்தியாசம் தெரிவது ஊற்றும்போதுதான். இரண்டு இடத்திலும் நிலவறையில் 12 டிகிரி வாக்கில் வைத்த பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்துத்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் வடக்கே பம்பின் மூக்கில் பொடித் துளைகள் போட்ட சின்ன மூடி ஒன்றைத் திருகியிருப்பார்கள். அதன் வழியே ஏல் பீய்ச்சியடித்து, கிளாஸ் முழுக்கக் கலங்கிச் சுழன்று, அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து, கடைசியில் மேலே கெட்டியாக நுரை நிற்கும். தெற்கே பெரும்பாலும் அது கிடையாது, நுரையும் மெல்லிசு. அந்த மூடி ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்தை அமுக்கிவிடுகிறது என்று தெற்கத்திக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, இருந்தாலும் யார்க்‌ஷயரின் கீத்லியில் காய்ச்சும் டிமோத்தி டெய்லர் லேண்ட்லார்ட் ஏலை அந்த நுரையோடு குடித்தால் கசப்பு எவ்வளவு இதமாக இறங்குகிறது!

அதே யார்க்‌ஷயரில் டாட்காஸ்டரில் சாமுவேல் ஸ்மித் பீர் ஆலை 1758 முதல் இருக்கிறது, இன்னும் கல் தொட்டியில்தான் நொதிக்க வைக்கிறார்கள். (அவர்கள் பப் லண்டனிலும் உண்டு.)

எங்கே போனாலும் 284 மில்லி அரை பைன்ட்டாகக் கேளுங்கள், நாலு வகை பார்க்கலாம். அப்புறம், கார் வேண்டாம். லீட்ஸிலிருந்து கீத்லிக்கு ரயில் இருக்கிறது.