இரு பாதைகள்: ஆன் மேக்னசனும் லிடியா லஞ்சும்

1970களின் இறுதியில் நியூயார்க்கின் மாற்றுக் கலையுலகில் உருவான இவ்விரு பெண்களும் பல கலைகளை ஒருசேரக் கையாண்டவர்கள் என்றாலும், தேர்ந்தெடுத்த வழிகள் வேறு. செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் இயங்கிய கிளப் 57 என்ற இரவு விடுதியை நிர்வகித்த ஆன் மேக்னசன், அங்கே விதவிதமான பாத்திரங்களாக மேடையேறினார். பின்னாளில் பாங்வாட்டர் இசைக்குழுவில் பாடிக்கொண்டே, 1989 முதல் 1992 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலும் நடித்தார்.

லிடியா லஞ்சோ பாட்டு, மேடைப்பேச்சு, குறும்பட நடிப்பு ஆகிய அனைத்தையும் பெருநிறுவனங்களுக்கு வெளியிலேயே நிகழ்த்தி, 1984இல் சொந்த இசைவெளியீட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்.

லஞ்சின் வழி படைப்பாளிக்கு முழு உரிமையைத் தருகிறது. வருமான உறுதியைத் தருவதில்லை. தொலைக்காட்சிப் படப்பிடிப்பு நேரத்தைப் பறித்தாலும், மேடையில் பழகிய பாத்திர மாற்றமே நடிப்புக்கு வலுவூட்டுவதால், மேக்னசனின் வழியையே நான் விரும்புகிறேன்.