வற்றிய போருக்குள் கலுங்கு நீர்: ஒரு செறிவூட்டுக் குழியின் ஓராண்டு அனுபவம்

தேவகோட்டைக்கு அருகே எங்கள் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பில் வற்றிப்போன போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று இருந்தது. கண்மாய் நிறைந்து கலுங்கில் வழியும் நீரைப் பூமிக்குள் இறக்கும் குழியாக அதை மாற்றித் தரும் பணியைச் சென்ற ஆண்டு ஆவணியில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தேன்.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டேங்கர் தண்ணீரைப் போருக்குள் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்த பிறகே அவர் வேலையை ஏற்றுக்கொண்டார். நீரை வாங்காத போரில் போடும் பணம் வீண் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். பிறகு போரைச் சுற்றிச் செம்புறாங்கல்லை வெட்டிப் பத்தடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அதற்குள் நிற்கும் கேசிங் குழாயில் துளைகள் இட்டு, நைலான் வலை சுற்றி, அடியில் பெருங்கல், அதன்மேல் கூழாங்கல், ஜல்லி, மேலே மணல் என நிரப்பினார். பக்கத்து நெல்வயலின் வடிநீரையும் சேர்க்கலாமே என்று கேட்டேன். உரமும் பூச்சிமருந்தும் நேரே நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று மறுத்தார். அவர் மறுத்ததுதான் சரி.

குறையெல்லாம், குழிக்குள் போகும் முன் நீரிலுள்ள மண்ணைப் படியவைக்கும் வண்டல் தொட்டியில்தான். ஓர் ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தாலே ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அவர் கட்டிய மூன்றடிச் சதுரத் தொட்டி, மூன்றடி ஆழத்தில், 765 லிட்டருக்குமேல் கொள்ளாது. கார்த்திகையில் கலுங்கு பாய்ந்தபோது, வாய்க்கால் கரையின் செம்மண்ணும் கரைந்து வந்து ஒரே இரவில் தொட்டியை மேவி, மணல்மேல் விரற்கனத்துக்குப் படிந்ததால், நீர் மூன்று நாள் இறங்காமல் நின்றது. நான்காவது முறை அழைத்த பிறகே ஆள் வந்தார்; மேல்மணலைச் சுரண்டி மாற்றியதற்குத் தனிக்கூலியும் வாங்கினார். பிறகு நானே கொத்தனாரை வைத்து, நடுவில் தடுப்புச் சுவருடன் எட்டடித் தொட்டி கட்டிக்கொண்டேன்.

மாசியிலேயே ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடாத மற்றொரு போர் இந்த ஆண்டு சித்திரை வரை இரண்டு மணி நேரம் ஓடியது. மழையும் நன்றாகப் பெய்திருந்ததால், முழுப் பெருமையையும் குழிக்கே கொடுக்க மனம் வரவில்லை. பூமிக்குள் இறங்கிய நீர், கண்மாயில் நிற்கும் நீரைப்போல வெயிலில் ஆவியாகாது என்பது உறுதி. ஆனால் நம் வேலிக்குள்ளேயே நிற்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றிலும் நீர் ஏறியிருக்கிறது. செலவில் பங்கு கேட்டால் சிரிக்கிறார்.

இந்த வேலைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். செய்ய நினைப்பவர்கள் தொட்டியின் அளவையும், ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் மேல்மணலை மாற்றித் தரும் பொறுப்பையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளவும்.