6 வருடம் சாம்பல் சிமென்ட்: ஒரு தொட்டி, ஒரு வாசல் தளம்

போன வாரம் வாசல் தளத்தைக் கொத்தி எடுத்தோம். அதைப் பார்த்த நண்பர், "நானும் சாம்பல் கலந்த சிமென்ட்தான் வாங்கலாம்னு இருந்தேன். வேண்டாமா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

நான் வாங்கியது அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல், அதாவது ஃபிளை ஆஷ், கலந்த சிமென்ட். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, வாசல் தளம் இரண்டுக்கும் ஒரே லாட் மூட்டைகள், அதே கொத்தனார்.

தளம் முதல் வருடமே மாவாக உதிர ஆரம்பித்தது. காலையில் பெருக்கினால் ஒரு கைப்பிடி சாம்பல் நிறத் தூள் சேரும். உள்ளங்கையால் தேய்த்தால் கை வெளுக்கும். மறுநாள் பார்த்தால் மறுபடி அதே அளவு. வண்டிச் சக்கரம் திரும்பும் இடத்தில் ஜல்லி வெளியே தெரிந்தது. 6 வருடமாக அந்தத் தூளைப் பெருக்கிய எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தொட்டியின் கதையே வேறு. சில மாதங்களுக்கு முன் புதுக் குழாய்க்காகச் சுவரில் துளை போட வேண்டியிருந்தது. வந்தவர் ஒரே துளைக்கு டிரில் பிட்டை இரண்டு முறை மாற்றினார். உள்ளே இறங்கிப் பார்த்தேன். கசிவு இல்லை, மயிரிழை விரிசல்கூட இல்லை. தடவினால் ஓடும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பு. இவ்வளவு நன்றாக வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரே மூட்டை, எப்படி இரண்டு விதம்? சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளியாகிறது. சாம்பலில் உள்ள சிலிக்கா அதோடு மெல்ல வினைபுரிந்து, சிமென்ட்டைப் பிடித்து நிறுத்தும் அதே பசையை இன்னும் கொஞ்சம் உண்டாக்குகிறது. துளைகள் அடைபடுகின்றன. ஆனால் இதற்கு வாரக்கணக்கில் ஈரம் வேண்டும். வழக்கமாக வலிமை பார்ப்பது 28-ஆம் நாள். சாம்பல் கலவையோ 90 நாள் தாண்டியும் ஏறிக்கொண்டிருக்கும். தொட்டிக்குத் தண்ணீர் கூடவே இருந்தது. தளத்துக்கு மூன்றே நாள்தான் தண்ணீர் ஊற்றினார்கள். "செட் ஆயிடுச்சு சார், நடக்கலாம்" என்றார் கொத்தனார். நானும் நம்பினேன். ஈரம் போனதும் மேல்பரப்பில் இருந்த சாம்பல் வினைபுரியாத வெறும் தூளாகவே தங்கிவிட்டது.

இந்த வகைக்குப் பெருமையாகச் சொல்லப்படும் உதாரணங்களைப் பாருங்கள். ரோமானியர் எரிமலைச் சாம்பலில் கட்டிய துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நிற்கின்றன. அமெரிக்காவில் 1953-இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையில் ஃபிளை ஆஷ் போட்டார்கள். மெதுவாக இறுகுவதால் சூடு குறையும், பெரிய கான்கிரீட்டுக்கு அது நல்லது. வெயிலில் காயும் நாலு அங்குலத் தளத்துக்கு அந்த வசதி கிடையாது. குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள், ஈரச் சாக்கு போட்டு மூடியே வைத்திருக்க வேண்டும். மூட்டையின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

நான் இதை வாங்கியதற்குக் காரணம் புகைதான். கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி, செய்ய 1450 டிகிரி வரை சுட வேண்டும். ஒரு டன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி, சாம்பல் அதைச் செய்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த எல்சி3 என்ற வகையில் கிளிங்கர் பாதிதான். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும், ஒரு வாரத்திலேயே நல்ல வலிமை வந்துவிடும் என்கிறார்கள். நான் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

சரி, நண்பருக்குப் பதில். தொட்டி, அஸ்திவாரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். தளத்துக்கு வேண்டாம். 14 நாளும் நீங்களே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்றால் மட்டும் போடுங்கள். குற்றம் சாம்பலுடையது இல்லை என்று தெரிந்தும், இந்தத் தடவை என் வாசலுக்குச் சாதா சிமென்ட்தான் வாங்கினேன். வாங்கும்போது மனசு வலித்தது. ஆனால் இன்னொரு 6 வருடம் அந்தத் தூளைப் பெருக்க எனக்குத் தெம்பில்லை.