மோதிரத்தை மறுக்க யாரால் முடியும்? பல வருட மறுவாசிப்பு அனுபவம்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பல வருடங்களாக என் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. மூன்று பாகங்களும் ஒரே அட்டைக்குள் அடங்கிய தடித்த பதிப்பில் தொடங்கினேன். அப்புறம் மின்நூல், இப்போது பெரும்பாலும் ஒலிநூல். கதை மனப்பாடமான பிறகும் அதைத் திரும்பத் திரும்ப எடுக்க வைப்பது ஒரு கேள்விதான்: ஆளையே கெடுத்துவிடும் அதிகாரம் எதிரே வந்து நிற்கும்போது, அதை வேண்டாம் என்று உண்மையிலேயே யாராலாவது தள்ள முடியுமா? கதையில் அந்த அதிகாரம் ஒரு மோதிரம்: கொடியவன் சௌரான் செய்தது, அவன் நாடான மோர்டாரின் எரிமலையில் வீசினால்தான் அழியும்.

இத்தனை நாள் புழங்கிய பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இது. ஒரு பொழுது மறுக்கப் பலரால் முடியும். கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை மறுக்க ஒருவராலும் முடியாது. முடிவைப் பற்றிப் பேசாமல் இதை விளக்க வழியில்லை என்பதால், இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விக்கான விடை இரண்டாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. மோதிரத்தைச் சுமக்கப்போகும் ஃப்ரோடோ தன் சொந்த வீட்டில், கணப்பு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மோதிரத்தின் வரலாற்றை அப்போதுதான் கேட்டு முடித்திருக்கிறான். அழித்துவிட வேண்டும் என்று அவனே சொல்கிறான். சரி, முயன்று பார் என்கிறார் மந்திரவாதி கேண்டால்ஃப். நெருப்பில் வீசத்தான் மோதிரத்தை வெளியே எடுக்கிறான். அதன் பொன்னைப் பார்க்கிறான், எவ்வளவு அழகு என்று தோன்றுகிறது. கையில் வைத்து எடை பார்க்கிறான். கேட்டதையெல்லாம் வலிந்து நினைவுக்குக் கொண்டுவந்து, வீசுவதுபோல் கையை அசைக்கிறான். பார்த்தால் மோதிரம் அவன் சட்டைப்பைக்குள் திரும்பிப் போயிருக்கிறது! இத்தனைக்கும் அந்த அடுப்பின் தீ சாதாரணப் பொன்னைக்கூட உருக்காது. எதிரி பக்கத்தில் இல்லை, பசி இல்லை, களைப்பு இல்லை. வீட்டிலேயே வீச முடியாதவன் எரிமலையின் விளிம்பில் வீசுவான் என்று எதிர்பார்க்க நூல் நமக்கு எந்த இடமும் தரவில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த ஒரு பத்தியில் நான் நின்றுவிடுகிறேன்.

பலர் புரட்டாமல் விடும் ஒரு பகுதி பின்னிணைப்பில் உள்ள ஆண்டு வரிசை. இந்த விஷயத்தை யோசிப்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பக்கங்கள் நூலில் இல்லை. சௌரானிடமிருந்து பறித்த ஐசில்டூரிடம் மோதிரம் இருந்தது இரண்டே ஆண்டுகள். அதனால் உருக்குலைந்துபோன கொல்லத்திடம் 478 ஆண்டுகள். ஃப்ரோடோவின் உறவினர் பில்போவிடம் 60, ஃப்ரோடோவிடம் பயணம் தொடங்கும் முன்பே 17. ஃப்ரோடோவோடு கடைசிவரை போகும் தோழன் சாமிடம் ஒரு நாள் அளவுக்குத்தான். கேண்டால்ஃப் கையில் சில நிமிடங்கள். எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியல் தொடவே இல்லை. 'மன உறுதி உள்ளவர்கள்' என்று நாம் கொண்டாடும் பெயர்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று துலங்கும். வென்றவர்கள் எல்லாரும் அதனிடம் கொஞ்ச நேரமே இருந்தவர்கள்.

இதைச் சொல்வது அவர்களைக் குறைக்க அல்ல. கேண்டால்ஃபும் கலாட்ரியலும் மறுப்பது தங்களை நன்றாக அறிந்ததால். இரக்கம் என்ற வழியாகத்தான் அது தன்னைப் பிடிக்கும் என்று கேண்டால்ஃபே சொல்கிறார். எனக்கு இந்த நூலில் மிகவும் பயமூட்டும் வரி அதுதான். டோல்கீன் 1963-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: மோதிரத்தை எடுத்துக்கொண்ட கேண்டால்ஃப், சௌரானைவிடக் கொடியவராக இருந்திருப்பார். நன்மை செய்வதாகவே நம்பிக்கொண்டு எல்லாரையும் ஆட்டிப்படைத்திருப்பார். அந்தக் கடிதம் 1981-இல் வெளியான தொகுப்பில் இருக்கிறது. நூலோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

ஆக, அந்த மோதிரம் ஆளின் கெட்ட குணத்தைத் தேடிப் பிடிப்பதில்லை, அவனிடம் உள்ள நல்லதைத் தேடிப் பிடிக்கிறது. பயணத்தில் உடன் வந்த வீரன் போரோமிருக்கு வேண்டியது தன் நகரத்தைக் காப்பாற்ற ஒரு படைக்கலம். இரண்டு மாதம் அதன் அருகில் நடந்தான், ஒருமுறைகூடத் தொடவில்லை. அருகில் நடந்ததே அவனை முறித்துப்போட்டது. தோட்டக்காரனான சாமுக்கு அது காட்டுவது, மோர்டாரின் பாழ்நிலம் முழுவதையும் பூந்தோட்டமாக்கும் கனவை. தன் கையால் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னத் தோட்டம் போதும் என்ற சாதாரண அறிவு அவனைக் காப்பாற்றுகிறது. ஃப்ரோடோவின் மீதுள்ள அன்பும்தான். ஆனாலும் ஃப்ரோடோவிடம் திருப்பித் தரும் நேரத்தில் அவனுக்கும் ஒரு தயக்கம் வருகிறது, சுமையை நானும் பகிர்ந்துகொள்ளட்டுமா என்று. ஒரு நாளுக்கே அப்படி.

பில்போ தானாகவே விட்டுக்கொடுத்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் காட்சியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மோதிரம் இருந்த உறையை மேலே வைக்கப் போகும்போது கை வெடுக்கென்று பின்னால் போகிறது, உறை கீழே விழுகிறது. அவர் குனிவதற்குள் கேண்டால்ஃப் அதை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிடுகிறார். பில்போவின் முகத்தில் ஒரு கணம் கோபம், அடுத்த கணம் நிம்மதிச் சிரிப்பு. பக்கத்தில் ஒரு நண்பர் இல்லாமல் அந்த விடுதலை நடந்திருக்காது.

பரதன் அரியணையை மறுத்துப் பாதுகையை வைத்து ஆண்ட கதையில் வளர்ந்த நமக்கு, அதிகாரத்தை உதறும் மனிதன் புதியவன் அல்ல. ஆயிரம் இராமர் உனக்கு ஈடாவார்களா என்று குகன் வியந்தது அவனைப் பார்த்துத்தான். ஆனால் அரியணை யாரையும் கூப்பிடுவதில்லை, இரவில் தூங்க விடாமல் பேசுவதில்லை. மோதிரம் செய்வது அதைத்தான். அதனால் இரண்டு மறுப்பையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குறையும் உண்டு. போரோமிரின் தம்பி ஃபரமிர், மோதிரம் வழியில் கிடந்தால்கூட எடுக்க மாட்டேன் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார். அண்ணன் அப்படி விழுந்த பிறகு தம்பிக்கு ஒரு போராட்டம்கூட இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2002-இல் வந்த படம் அவரைத் தடுமாற வைத்ததைப் பலர் திட்டினார்கள். எனக்கு அந்த மாற்றத்தின் நியாயம் புரிகிறது. வழியில் சந்திக்கும் விசித்திரமான டாம் பாம்படில் மோதிரத்தை மாட்டியும் மறையாமல் சிரிப்பது இந்தக் கேள்விக்கு விடையே அல்ல. எதையும் ஆள விரும்பாதவரை ஆசை காட்ட முடியாது, அவரிடம் அதைக் காக்கக் கொடுக்கவும் முடியாது. தொலைத்துவிடுவார் என்று, மோதிரத்தை என்ன செய்வது எனக் கூடும் ஆலோசனை சபையிலேயே சொல்கிறார்கள்.

ஒலிநூலுக்கு மாறியது எரிமலைக் காட்சிக்காகவே பலன் தந்தது. ராப் இங்லிஸ், ஆண்டி செர்கிஸ் இருவரின் வாசிப்பும் கிடைக்கிறது. செர்கிஸ் படங்களில் கொல்லமாக நடித்தவர். வந்த வேலையைச் செய்யப்போவதில்லை, மோதிரம் என்னுடையது என்று ஃப்ரோடோ சொல்லும்போது, சாம் அதுவரை கேட்டிராத தெளிவும் வலிமையும் கொண்ட குரலில் சொன்னதாக எழுதியிருக்கிறது. கண்ணால் படிக்கும்போது அந்தக் குறிப்பைத் தாண்டிவிடுவோம். காதால் கேட்டால் தாண்ட முடியாது. அவன் உளறவில்லை, மயங்கவில்லை. அந்த நொடியில் முழுதாக மோதிரத்தின் பக்கம் நிற்கிறான்.

இதைத் தோல்வி என்று டோல்கீன் ஒப்புக்கொள்கிறார், ஒழுக்கத் தோல்வி என்று ஏற்கவில்லை. அந்த இடத்தில் யாராலும் எதிர்த்திருக்க முடியாது என்பது அவர் வாதம். ஃப்ரோடோ தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செலவழித்து அங்கே வரை கொண்டுவந்தான், கொல்லத்தைக் கொல்லாமல் விட்டான். மீதியை அந்த இரக்கம் நடத்திவைத்தது. விரலைக் கடித்தெடுத்த கொல்லம் நூலில் தானாகக் கால் தவறி விழுகிறான். 2003 படத்தில் ஃப்ரோடோ அவனோடு மல்லுக்கட்டி, இருவரும் விளிம்பைத் தாண்டுகிறார்கள். ஃபரமிர் மாற்றத்தை ஏற்கும் நான் இதை ஏற்க மாட்டேன். ஃப்ரோடோவால் முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி.

மோதிரம் அழிந்த பிறகும் அது விடவில்லை. மறு ஆண்டு மார்ச் 13 அன்று அவன் படுக்கையில் கிடக்கிறான். அது என்றென்றைக்கும் போய்விட்டது, எல்லாம் இருண்டு வெறுமையாகிவிட்டது என்று முனகுகிறான். அழித்ததால் உலகம் பிழைத்திருக்கிறது, அவனுக்கோ அது இன்னும் வேண்டும். கடைசி இரண்டு அத்தியாயங்களை அவசரமாக முடிப்பவர்களுக்கு இது தவறிவிடும். போர் முடிந்ததும் நூலை மூடிவிடாதீர்கள். முதல்முறை படிப்பவர்கள் அச்சுப் பதிப்பையே எடுங்கள், பின்னிணைப்பைப் புரட்ட அதுதான் வசதி. ஒலிநூலை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.