டிரஸ்ட் கடையை டிரஸ்டியே லீசுக்கு எடுத்தால்: ஒப்புதலா, ராஜினாமாவா, கோர்ட்டா?

அண்ணன் எழுதி வைத்த குடும்ப டிரஸ்ட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தம்பிதான் டிரஸ்டி, அதாவது சொத்தை அவர்களுக்காகப் பார்த்துக்கொள்பவர். அண்ணன் பிள்ளைகள் மூவரும் பயனாளிகள், கடைக்குட்டி இன்னும் மைனர். டிரஸ்டுக்குச் சொந்தமாகக் கடைவீதியில் ஒரு கடை. அதைத் தன் வியாபாரத்துக்கே லீசுக்கு எடுக்கத் தம்பி நினைக்கிறார், வாடகையும் சரியாகவே தருவார். அப்புறம் என்ன சிக்கல்? வாடகையைக் கூட்டிப் பேச வேண்டியவரும் குறைத்துப் பேச விரும்புபவரும் ஒரே ஆள். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இவருக்கு என்ன வழி விடுகிறது?

எல்லோரும் முதலில் நினைப்பது ஒப்புதல். செலவில்லை, வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். பயனாளி முழு விவரமும் தன் உரிமையும் தெரிந்து, வற்புறுத்தல் இல்லாமல் சம்மதித்திருந்தால் பிற்பாடு டிரஸ்டிமேல் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது 23ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பயனாளி ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். கடைக்குட்டியின் கையெழுத்துக்கு இங்கே மதிப்பில்லை. மேஜரான இருவரும்கூட, “சித்தப்பா சொன்னார், போட்டோம்” என்று பின்னால் சொன்னால் அது முழு விவரம் தெரிந்த சம்மதம் ஆகாது.

பார்க்க மிகவும் கண்ணியமாகத் தெரிவது ராஜினாமா. என் கணக்கில் மூன்றிலும் மோசமான வழி இதுதான். பொறுப்பை ஏற்றவர் நினைத்தபோது விலக முடியாது. கோர்ட் அனுமதியோ, தகுதியுள்ள பயனாளிகளின் சம்மதமோ, பத்திரத்தில் அதற்கான அதிகாரமோ வேண்டும். அப்படியே விலகினாலும், டிரஸ்ட் சொத்தை டிரஸ்டி தனக்கே வாங்கவோ லீசுக்கு எடுக்கவோ கூடாது என்ற 53ஆம் பிரிவின் தடை “அண்மையில் டிரஸ்டியாக இருந்து விலகியவரையும்” சேர்த்தே பிடிக்கிறது. அண்மை என்றால் எத்தனை மாதம் என்று சட்டம் சொல்லவில்லை. இன்று விலகி நாளை லீஸ் எழுதும் கெட்டிக்காரத்தனம் எடுபடாது.

மிச்சம் கோர்ட். அதே 53ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் போன்ற முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். நியாயமான வாடகை என்று காட்டினால் மட்டும் போதாது, பயனாளிக்கு அது வெளிப்படையாகவே லாபம் என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். நாளும் ஆகும், வக்கீல் செலவும் ஆகும். இன்னொன்று: சொத்தை விற்பதே டிரஸ்டியின் கடமையாக இருந்தால், அதை அவர் தனக்கே வாங்குவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. அதில் அனுமதி என்ற விலக்கே எழுதப்படவில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 1726இல் லண்டனில் வந்த கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கைப் பாருங்கள். ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காக டிரஸ்டில் இருந்தது. சிறுவன் பேரில் புதுப்பிக்க முடியாது என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். டிரஸ்டி தன் பேரில் எடுத்தார். அவர் எடுத்ததால் சிறுவனுக்கு நஷ்டமில்லை, எப்படியும் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் குத்தகையையும் வந்த லாபத்தையும் சிறுவனிடம் ஒப்படைக்கச் சொன்னார் நீதிபதி கிங் பிரபு. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுக்கலாம், டிரஸ்டி மட்டும் கூடாது என்பது அவர் நிலை.

34ஆம் பிரிவின்படி வழக்குப் போடாமல் மனு கொடுத்து கோர்ட்டின் கருத்தைக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைகளை நேர்மையாகச் சொல்லி, வந்த கருத்தின்படி நடந்தால் டிரஸ்டிக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது சுருக்கமாக முடியக்கூடிய நிர்வாகக் கேள்விகளுக்கு. சொந்த லீசுக்கு 53 இருக்கும்போது அந்தச் சந்தில் நுழைய வேண்டாம். இங்கிலாந்தில் டிரஸ்டி தன் முடிவைச் சொல்லி அதற்குக் கோர்ட்டின் ஆசி கேட்கலாம், அல்லது முடிவெடுக்கும் பொறுப்பையே கோர்ட்டிடம் விட்டுவிடலாம். முதலாவதில் கோர்ட் பரிசோதிக்கும், இரண்டாவதில் தானே முடிவெடுக்கும். டிரஸ்டியின் சொந்த லாபமும் கடமையும் மோதும் ஆதாய முரண் இருந்தால் பரிசோதனை இன்னும் கறாராக இருக்கும்.

கோயில், தர்ம அறக்கட்டளைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது தனிக் கதை.

மூன்று பிள்ளைகளும் மேஜர் என்றால் நான் ஒப்புதலையே சொல்வேன், அவர்களுக்குத் தனி வக்கீல் வைத்து. கடைக்குட்டி மைனராக இருக்கும்வரை கோர்ட்தான். மனுவோடு வெளியாள் இரண்டு பேர் அந்தக் கடைக்கு எவ்வளவு வாடகை தருவார்கள் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அதைவிடக் கூட்டித் தரத் தம்பி தயாராக இல்லையென்றால், கடையை அந்த வெளியாளுக்கே விடலாம்.