அத்தையின் வீடும் ஒரு வழக்கறிஞர் அலுவலகமும்: சுங்கை சிப்புட் அனுபவம்

பால்மரம் வெட்டியே காலம் கழித்த என் அத்தை, தோட்டம் கைமாறியபோது ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டைத் தம் பெயரிலேயே வாங்கினார். இன்று அந்த வீட்டில் அவருக்கு மிஞ்சியிருப்பது அடுப்படிக்குப் பின்னாலுள்ள சிறிய அறை மட்டுமே. மகனும் மருமகளும் மற்ற அறைகளில் இருக்க, மின்கட்டணமும் நில வரியும் அத்தை கட்டுகிறார், ஏச்சும் அவருக்கே. பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியேற்றப் பெற்றோருக்குச் சட்டமே உரிமை தருகிறது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த ஒரு காணொளியை நம்பி, சென்ற மாதம் அவரை நகரிலுள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். குடும்ப விவகாரம் என்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. முட்டிவலியோடு அத்தை ஏறி முடிப்பதற்குள் எனக்கே மனம் நொந்துவிட்டது. காத்திருந்தவர்கள் காதில் விழும்படி, "மகன் மேலேயா வழக்கு, பாட்டி?" என்று முகப்பிலிருந்த பணியாளர் கேட்டது அதைவிட வலித்தது. நாலு பேருக்கு நாலு பேர் உறவாக இருக்கும் ஊரில் அந்தக் கேள்வியை அறைக்குள் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

உள்ளே இருந்த வழக்கறிஞர் அம்மையார் வேறு விதம். அவர் முதலில் கேட்டது, "வீடு யார் பெயரில் இருக்கிறதும்மா?" என்பதுதான். அது ஏன் முதற்கேள்வி என்பதையும் விளக்கினார். வீடு காலஞ்சென்ற மாமாவின் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் போயிருக்கும். மகனை வெளியே போகச் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. பட்டாவில் அத்தையின் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்த பிறகே அவர் மேற்கொண்டு பேசினார்.

காணொளியில் சொல்லப்பட்டது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு பற்றிய இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் என்றும் அது இங்கே செல்லாது என்றும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அங்கேகூட, மாமனார் மாமியார் வீட்டில் வாழும் மருமகளின் உரிமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறதாம். சிங்கப்பூரின் 1995ஆம் ஆண்டுச் சட்டமோ பெற்றோருக்கான பராமரிப்புப் பணத்தைப் பற்றியது, பிள்ளைகளை வெளியேற்றுவதைப் பற்றியதல்ல.

நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும் அத்தை கையறு நிலையில் இல்லை என்று அவர் விளக்கிய பகுதிக்காகவே கட்டணம் தகும் என்பேன். வாடகையின்றித் தாயின் சம்மதத்தால் தங்கியிருக்கும் மகனுக்கு, அந்தச் சம்மதத்தை எழுத்துமூலம் திரும்பப் பெற்று, நியாயமான கெடு கொடுக்கலாம். அதன் பிறகும் போகாவிட்டால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89ஆம் கட்டளையின்கீழ் வீட்டை மீட்க விண்ணப்பிக்கலாம். பூட்டை மாற்றிச் சாமான்களை வாசலில் வைத்துவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். அடியோ மிரட்டலோ நடந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது: 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், சமூக நல அதிகாரியே ஏழு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்க முடியும்.

மகன் பெயருக்கு வீட்டை மாற்றிக் கொடுத்தால் வீட்டில் அமைதி திரும்பும் என்ற எண்ணம் அத்தைக்கு நெடுநாளாக இருந்தது. அம்மையார் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தையின் காலம் வரை வீடு அத்தையின் பெயரிலேயே இருக்கட்டும் என்று அறிவுறுத்தினார். அந்த ஒரு பேச்சுக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறிவிப்புக் கடிதம் மலாய் மொழியில்தான் வந்தது. தமிழில் ஒரு நகல் தந்திருந்தால் அத்தை தாமே வாசித்திருப்பார். அம்மையார் அதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். முப்பது நாள் கெடு என்ற இடம் வந்ததும் அத்தை அவரை நிறுத்தி, பேரப்பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம் என்று எழுத முடியுமா என்று கேட்டார். அதற்கென்று தனிக் கட்டணம் வாங்காமல், அந்த வரியைச் சேர்த்து மறுபடி அச்செடுத்த பிறகே அத்தையிடம் கையொப்பம் வாங்கினார்.